அப்பாவின் கொப்பியில் இல்லாத பக்கம்

2018ஆம் ஆண்டு அப்பா காலமாகி இருபது நாட்கள் கழிந்திருந்தன. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி சித்தப்பா என்னிடம் கேட்டார். மாதந்தோறும் பெண்கள் குழுக் கூட்டங்களில், "இழந்தவர்களைப் பற்றி எழுதி வையுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று சொல்லி வருபவள் நான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். ஆனால் என் அப்பாவைப் பற்றி எனக்கு ஒரு வரியும் வரவில்லை.

பிறந்த இடம், படித்த பாடசாலை, தாதியப் பயிற்சி பெற்ற காலம், வேலை செய்த வாட்டுகள், ஓய்வு பெற்ற திகதி என்று ஒருவாறு எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது பென்சன் பைல் மாதிரிக் கிடக்கு. இதுக்குள்ள உன்ர அப்பா எங்க பிள்ளை?" என்று கேட்டார் அம்மா.

அப்பா ஓர் ஆண் தாதி. 'தாதி' என்ற சொல்லே பெண்ணைக் குறிப்பதுதான். அதனால் ஊரில் பலரும் அவரை "டொக்டர் ஐயா" என்றே அழைப்பார்கள். "நான் டொக்டர் இல்லை, நேர்ஸ்" என்று அவர் ஒவ்வொரு முறையும் திருத்துவார். சிறு வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. டொக்டர் என்றே விட்டுவிட்டால் என்ன என்று நினைப்பேன்.

எங்களுடையது யாழ்ப்பாணக் கரையோரக் கத்தோலிக்கக் கிராமம். அங்கே கூத்தும் கோவிலும் சேர்ந்தே வளர்ந்தவை. 'ஞானசவுந்தரி', 'எஸ்தாக்கியார்' போன்ற நாட்டுக்கூத்துகளை விடிய விடிய ஆடுவார்கள். அப்பா அண்ணாவியாரிடம் மத்தளமும் பாட்டும் பழகியவர். தவக்காலத்தில் கோவிலில் 'வியாகுலப் பிரசங்கம்' வாசிப்பவரும் அவர்தான். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய நூல் அது. அப்பா அதை ஒப்பாரி போல இழுத்து வாசிக்கும்போது பெண்கள் விம்முவார்கள். தங்கள் வீட்டுத் துயரையும் அந்தத் தாயின் துயரோடு சேர்த்து அழுதார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் கூட அரிது. போத்தல் விளக்கில்தான் நாங்கள் படித்தோம். அப்பா கழித்துவிட்ட எக்ஸ்ரே படங்களைக் கழுவி வெட்டி நத்தார் நட்சத்திரம் செய்வார். வெறும் சேலைன் போத்தல்களைக் கழுவிப் பிள்ளைகள் வாட்டுக்குப் பொம்மைகள் செய்து கொடுப்பார். பனையோலையால் பாலன் குடில் கட்டுவார். வேலைக்குப் போகுமுன் ஒரு செபமாலை சொல்லாமல் சைக்கிளில் ஏறமாட்டார். ஆனால் தன் சமயத்தை எந்த நோயாளியிடமும் பேசியதில்லை. சைவ நோயாளிகளின் கட்டிலருகே திருநீற்றுச் சரை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் தானே வாங்கி வைப்பார்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் என்னால் எழுத முடியவில்லை? காரணம், 1995 ஒக்டோபர் 30.

அன்றிரவு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலிகாமம் முழுவதும் கொட்டும் மழையில் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தது. எனக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று. அப்பா எங்களோடு வரவில்லை. வாட்டில் எழும்ப முடியாமல் கிடந்தவர்களை இடம் மாற்றப் போய்விட்டார். அம்மா தம்பியை இடுப்பிலும் ஒரு பையைத் தலையிலும் சுமந்து நடந்தார். நான் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

தங்கியிருந்த பாடசாலையில் தம்பிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. அப்பா சொல்லித் தந்த அந்தக் கணக்கை அம்மா மறக்கவில்லை. இரவிரவாகக் கரண்டி கரண்டியாகப் பருக்கினார். தம்பி பிழைத்தான். ஒன்பதாம் நாள்தான் அப்பா வந்து சேர்ந்தார். "மற்றவர்களுக்குத்தான் இவர் அப்பா" என்று அன்று என் மனதில் விழுந்த சொல், இருபத்திரண்டு வருடங்கள் அங்கேயே கிடந்தது.

நினைவு மலருக்காக அப்பாவின் பழைய கொப்பிகளைப் புரட்டினேன். காகிதம் கிடைக்காத காலத்தில் காய்ச்சல் அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதிய கூத்துப் பாட்டுகள், திருநாள் நாடகங்களின் வசனங்கள், மருந்தளவுகள் எல்லாம் இருந்தன. அந்த ஒன்பது நாட்களைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

அப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். "எங்களை நடுத்தெருவில விட்டிட்டுப் போக அவருக்கு எப்பிடியம்மா மனம் வந்தது?"

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அவர் போகேல்லைப் பிள்ளை. சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு படலைக்குள்ள நிண்டவர். அழுதவர். நான்தான் போகச் சொன்னனான். 'எனக்குக் கால் இருக்கு, நான் நடப்பன். அங்க கிடக்கிறதுகளுக்கு ஆர் இருக்கினம்?' எண்டு கேட்டனான்."

"ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீ ஒருநாளும் கேக்கேல்லையே."

சகோதரிகளே, மற்றப் பெண்களிடம் கேட்டுக் குறிப்பெடுக்கும் வேலையைச் செய்யும் நான், என் அம்மாவிடம் கேட்கவில்லை. அப்பாவின் முடிவு என்று நான் கோபித்துக்கொண்டிருந்தது அம்மாவின் முடிவு. அப்பாவின் சேவை என்று ஊர் புகழ்ந்ததில் பாதி, மழையில் நடந்த அம்மாவின் கால்களுடையது. ஆண்களின் வாழ்க்கையை எழுதும்போது இந்தப் பாதி எவ்வளவு சுலபமாக விடுபட்டுப் போகிறது!

இப்போது எங்கள் குழுவில் எழுதும் முறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். காலமானவரின் பெயர், ஊர், தொழில், திறமை, நம்பிக்கை ஆகியவற்றை எழுதிய பிறகு இன்னொரு கேள்வி இருக்கிறது: "அந்த நேரம் நீங்கள் என்ன செய்தீர்கள்?" முதலில் எல்லோரும் "நான் என்ன செய்தனான், ஒண்டுமில்லை" என்பார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் கதை வரும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். சொல்ல விருப்பமில்லாதவர்களை நாங்கள் வற்புறுத்துவதில்லை.

நினைவு மலரில் அப்பாவின் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். எக்ஸ்ரே நட்சத்திரம் வந்தது, திருநீற்றுச் சரை வந்தது, படலையில் அழுதுகொண்டு நின்றதும் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப சரி. ஆனா அண்டைக்கு என்ர தலையில இருந்தது ஒரு பையில்லை, ரெண்டு. அதையும் எழுது" என்றார்.

எழுதினேன்.