தைத்துக் கட்டும் பாய்மரப் படகு

சென்னைத் துறைமுகம் அமைவதற்கு முன்னர், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. அதன் பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்து இணைப்பர். அலை மோதும்போது அது நெகிழ்ந்து கொடுக்கும். தையல் என்னும் இவ்வுத்தி இங்கிலாந்தில் முற்றிலும் வேறொரு பயனுக்கு உதவியதை விளக்க விரும்புகிறோம்.

ஜாக் ஹோல்ட் (1912-1995) தம் வாழ்நாளைச் சிறு பாய்மரப் படகுகளை வரைவதிலும் கட்டுவதிலுமே செலவிட்டவர். சிறுவர்க்கென 1947-ல் 'கேடட்' படகை அமைத்தார். அவர் படைப்புகளில் மிகுதியாகப் பரவியது, 1963-ல் வெளிவந்த 'மிர்ரர்'. தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை கற்பித்துவந்த பாரி பக்னெல் இதில் அவருடன் உழைத்தார். தச்சரல்லாதாரும் தம் வீட்டிலேயே கட்டக்கூடிய படகு வேண்டும் என்பதே நோக்கம்.

வழக்கமாகப் படகு கட்டுவோர் முதலில் அடிமரத்தை நாட்டி, வங்குகளை நிறுத்தி, பிறகே பலகைகளை வளைத்துப் பொருத்துவர். பல்லாண்டுப் பயிற்சியின்றி இது கைவராது. மிர்ரரில் இம்முறை தலைகீழாகிறது. ஒட்டுப்பலகைகளை வரைபடப்படி வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்குகின்றனர். முறுக்க முறுக்க, ஓரங்கள் நெருங்கிப் பலகைகள் தாமே வளைகின்றன. படகின் வடிவம் கட்டுவோரின் கண்மதிப்பில் இல்லை. வெட்டிய ஓரத்தின் கோட்டிலேயே அடங்கியிருக்கிறது! பிறகு இணைப்புகளின்மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்து ரெசின் பூசுகின்றனர். அது இறுகியதும் வெளியே தெரியும் கம்பியை நறுக்கிவிடலாம். மசூலாவில் தையலே படகைத் தாங்கும். இங்கே அது பசை இறுகும்வரை பிடித்திருக்கும் கை மட்டுமே.

மிர்ரரின் முன்புறம் கூர்மையின்றி மழுங்கியிருக்கும். அழகல்லதான், ஆயினும் கூர்முனையில் பலகைகளைச் சேர்ப்பது புதியவருக்குக் கடினமன்றோ? அழகை விட்டுக்கொடுத்து எளிமையைப் பெற்ற அம்முடிவையே ஹோல்ட்டின் பேரறிவாக நாம் கருதுகிறோம். நம் தொழிற்பயிற்சிக் கூடங்களில் இத்தகைய துணிவு அரிது. உள்ளே அமைந்த காற்றறைகளால், கவிழ்ந்தாலும் படகு மிதக்கும்.

நீளம் 10 அடி 10 அங்குலம். பாய்மரத்தை ஒரே நெடுங்கம்பாக வைக்காமல் இரண்டாக அமைத்ததால், கம்புகள் யாவும் படகுக்குள்ளேயே அடங்கும். காரின் கூரைமீது கட்டி நீர்நிலைக்குக் கொண்டுசெல்லலாம். இதுவரை 70,000-க்கு மேற்பட்ட மிர்ரர்கள் கட்டப்பட்டுள்ளன. அவற்றில் பல, வீட்டாரே கட்டியவை.