நெய்வேலி விபத்தும் காகிதத்தில் வரையும் ஒரு மரமும்

குள்ளஞ்சாவடி, வடலூர், நெய்வேலி வட்டாரத்தில் அனல் மின்நிலைய வேலைக்குப் போகிறவர் இல்லாத தெரு அரிது. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல் மின்நிலையத்தின் 5-வது யூனிட் கொதிகலன் பகுதியில் நடந்த விபத்தில் 6 தொழிலாளர்கள் அங்கேயே உயிரிழந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களில் மேலும் சிலர் பின்னர் இறந்தார்கள். அதே நிலையத்தின் 6-வது யூனிட்டில் அந்த ஆண்டு மே 7-ல்தான் இன்னொரு விபத்து உயிர்களைப் பறித்திருந்தது.

இவ்வளவு பெரிய ஆலையில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்க முடியாதா? அதற்கு ஒரு வழி உண்டு. அதன் பெயர் 'ஃபால்ட் ட்ரீ', அதாவது பிழை மரம். 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எச்.ஏ. வாட்சன் என்பவர், மினிட்மேன் ஏவுகணையின் ஏவு கட்டுப்பாட்டு அமைப்புக்காக இதை உருவாக்கினார்.

முறை எளிது. நடக்கவே கூடாத ஒன்றை உச்சியில் எழுத வேண்டும்: 'பழுப்பு நிலக்கரித் தூள் தீப்பிடித்தல்'. அதன் கீழே காரணங்களை எழுத வேண்டும். தூள், காற்று, நெருப்பு மூன்றும் சேர்ந்தால்தான் தீப்பிடிக்கும். ஆகவே இவற்றை 'மற்றும்' என்று இணைக்கிறோம். ஒன்றை நீக்கினாலே தீ இல்லை. ஆனால் நெருப்பு வர வெல்டிங் பொறி, சூடான உலோகம், தானாகச் சூடேறிக் கனலும் நிலக்கரி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றே போதும். இங்கே இணைப்பு 'அல்லது'. ஒவ்வொன்றையும் தடுத்தாக வேண்டும். அதனால்தான் தேங்கும் தூளை அன்றாடம் அகற்றுவது வெறும் துப்புரவு வேலை அல்ல, உயிர் காக்கும் வேலை.

கணக்கும் போடலாம். ஒரு தடுப்பு 1,000 முறையில் ஒரு முறையும், இன்னொன்று 100 முறையில் ஒரு முறையும் தவறினால், இரண்டும் சேர்ந்து தவறுவது 1,00,000-ல் ஒரு முறைதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே மின்இணைப்பு என்றால் இந்தக் கணக்கு பொய். அந்த ஓர் இணைப்பு போனால் இரண்டும் போகும். மரத்தை வரைந்தால் இது கண்ணில் படும்.

வரைந்தால் மட்டும் போதாது. 1984-ல் போபாலில் தடுப்புகள் பல இருந்தன. ஆனால் குளிரூட்டும் கருவி நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. காகிதத்தில் இருந்த பாதுகாப்பு ஆலையில் இல்லை.

நெய்வேலியிலோ வளைகுடா ஆலைகளிலோ வேலை செய்யும் நம் பிள்ளைகள் வேலையில் இறங்கும் முன் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இன்று எந்தத் தடுப்பு வேலை செய்யவில்லை?" அதைக் கேட்க எந்தத் தொழிலாளியும் தயங்க வேண்டியதில்லை.