பழவேற்காட்டின் தொலைதூர விருந்தினர்

திருப்பதிக்கு வருவோரில் பலர், அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் பழவேற்காடு ஏரியை அடையலாம் என்பதை அறிந்திருப்பதில்லை. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இது. 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது, ஏரிக்கரையை ஒட்டிய சூலூர்பேட்டையும் தடாவும் அம்மாவட்டத்தில் சேர்ந்தன. சித்தூர், திருப்பதிக் கிளைகளில் பணியாற்றும் நாங்கள் சிலர், குளிர்கால விடுமுறை நாள்களில் இங்குச் செல்வதுண்டு.

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியின் ஊடாகவே அமைந்துள்ளது. முதலில் கண்ணைக் கவர்பவை பூநாரைகளே. ஆயினும் எங்கள் தேடல் சேற்றுப்பரப்பில் மேயும் சிறு பறவைகளைப் பற்றியது. கொசு உள்ளான் சேற்றின் மேற்பரப்பைக் கொத்துகிறது; கருவால் மூக்கன் தன் நீண்ட அலகை ஆழமாகச் செலுத்துகிறது. அலகின் நீளம் வேறுபடுவதால், ஒரே சேற்றில் பலவகைப் பறவைகள் போட்டியின்றிப் பசியாறுகின்றன.

நம் கிழக்குக் கடற்கரையில் அரிதாகக் காணக்கூடியது, 'கிரேட் நாட்' எனப்படும் பெரிய உள்ளான். வடகிழக்குச் சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை, இன்று உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ளது. வலசை வழியிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுப்பரப்புகள் அழிந்ததே முதன்மைக் காரணம். தென்கொரியாவின் சேமங்கம் பகுதியில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006-இல் கடலை அடைத்தபோது, இப்பறவைகளின் முக்கியத் தங்குமிடம் ஒன்று பறிபோயிற்று.

வலசைப் பறவைக்குக் கொழுப்பே சேமிப்பு. உண்டு சேர்த்த இருப்பைக் கொண்டே அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிறது. நிழற்படத்துக்காக நாம் அருகில் சென்று கூட்டத்தைக் கலைக்கும் ஒவ்வொரு முறையும், அந்த இருப்பில் ஒரு பகுதி வீணாகிறது.

பழவேற்காட்டுக்கும் கவலைகள் உண்டு. ஏரியை ஊடறுக்கும் சாலை நீரோட்டத்தைத் தடுக்கிறது. முகத்துவாரங்கள் மணலால் தூர்கின்றன. இதனால் இழப்பு பறவைகளுக்கு மட்டுமன்று, ஏரியை நம்பி வாழும் மீனவர்களுக்கும்தான்.

செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில், சூரியன் உதித்த சில மணி நேரத்துக்குள் செல்வது நலம். தொலைநோக்கி, குடிநீர், தொப்பி ஆகியவற்றை எடுத்துச் செல்க. வாகனத்தைச் சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்தி, சேற்றில் இறங்காமல் அங்கிருந்தே காண்க. திரும்பும் வழியில் நேலப்பட்டு சரணாலயத்தில் கூடு கட்டும் கூழைக்கடாக்களையும் கண்டு வரலாம்.