வாசலில் நாய், வீட்டில் பிள்ளை

நாய் வளர்ப்பது நம் மக்களுக்குப் புதிய பழக்கமன்று. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்ட நாயினங்கள் நம் தென் மாவட்டங்களில் உள்ளன. இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் நம் நாட்டு நாயினங்களுக்கெனச் சிறப்பு அஞ்சல் தலைகளை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றில் இராசபாளையம் நாய் இடம் பெற்றது. அஞ்சல் தலை சேர்க்கும் பழக்கமுள்ள பிள்ளைகள் அதைத் தேடிப் பெற்றுத் தம் ஏட்டில் ஒட்டி மகிழலாம்.

ஆனால் நம் தெருக்களில் நாள்தோறும் நாம் காணும் நாய்களில் பெரும்பாலானவை இத்தகைய பெருமை பெற்றவை அல்ல. அவை வாசல் நாய்கள். இரவில் மிஞ்சிய சோற்றை இல்லத்தரசி காலையில் வாசலில் வைக்கிறார். அது வந்து தின்கிறது. பள்ளி விட்டு வரும் சிறுவன் தன் பிஸ்கட்டில் பாதியை அதற்கு எறிகிறான். அது வாலை ஆட்டுகிறது. தெருப்பிள்ளைகள் அதற்கு ‘மணி’ என்று பெயரும் வைத்துவிடுகின்றனர். நள்ளிரவில் புதியவர் எவரேனும் நுழைந்தால், கூலி கேளாத காவற்காரனாகக் குரைத்து ஊரை எழுப்புவதும் அதுவே. பிள்ளைகள் ஓர் உயிரிடத்து அன்பு காட்டக் கற்றுக்கொள்ளும் முதற்பாடம் பல நேரங்களில் இந்த வாசற்படியில்தான் தொடங்குகிறது. அது நல்லதே.

நிற்க. அந்த நாய் யாருடையது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். அடுத்த வீட்டாரைக் கேட்டால், “அது அவங்க வீட்டு நாய்தான்” என்பார்கள். அவ்வீட்டாரைக் கேட்டால், “நாங்க சோறு மட்டுந்தான் வைக்கிறோம், அது தெரு நாய்” என்பார்கள். எல்லாரும் சோறு வைக்கும் நாய். எவரும் தடுப்பூசி போடாத நாய். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

வெறிநாய்க்கடி நோயைப் பற்றி அறியாதார் இலர். எனினும் அதனைச் சரியாக அறிந்தார் சிலரே. இது வைரஸ் எனப்படும் நுண்ணுயிரால் வரும் நோய். நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் அது உள்ளது. கடித்த இடத்திலோ, நகம் கீறிய இடத்திலோ உட்புகுந்து, நரம்புகளின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையைச் சென்றடைகிறது. அவ்வாறு சென்றடையப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஒரு வாரமே போதும், சிலருக்கு ஓர் ஆண்டும் ஆகலாம். காயம் தலைக்கு அருகில் இருந்தால் காலம் குறையும். நோயின் அடையாளங்கள் தோன்றிவிட்ட பின்னர் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆனால் அதற்கு முன்பாக முறையான மருத்துவம் செய்துகொண்டால் நோய் வாராமலே தடுத்துவிடலாம். இவ்வளவு கொடிய நோய்க்கு இவ்வளவு உறுதியான தடுப்பு இருக்கிறது! அப்படியிருந்தும், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களாலேயே வருகிறது. ஐயத்திற்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

பிள்ளைகள் ஏன் இத்தனை பேர்? அவர்கள் நாயோடு விளையாடுகின்றனர் என்பது ஒரு காரணம். உயரத்தில் சிறியவர்களாதலால் முகத்திலும் கழுத்திலும் கடிபடுகின்றனர் என்பது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது நாயைச் சார்ந்ததன்று, நம்மைச் சார்ந்தது. பிள்ளை வீட்டில் சொல்வதில்லை.

எண்ணிப் பாருங்கள். ‘அந்த நாயிடம் போகாதே’ என்று தாய் பலமுறை எச்சரித்திருக்கிறார். பையன் போகிறான், குட்டியைத் தூக்குகிறான், விரலில் பல் படுகிறது, அல்லது முழங்காலில் நகம் கீறுகிறது. இரத்தம் ஒரு துளி. அதுவும் உடனே நின்றுவிடுகிறது. வீட்டிற்குப் போய்ச் சொன்னால் முதலில் கிடைப்பது ஏச்சு, அடுத்தது அடி, அதற்கடுத்தது ஊசி. சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. சிறு பிள்ளையின் கணக்கில் எது இலாபம்? அவன் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, ‘விழுந்துவிட்டேன்’ என்று ஒரு பொய்யுடன் உள்ளே வருகிறான். காயம் நாலு நாளில் ஆறிவிடுகிறது. அது ஆறிவிட்டதே நம்மை ஏமாற்றும் அடையாளம். ஏனெனில் தோல் ஆறுவதற்கும் நோய் தடுக்கப்படுவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஊசியைப் பற்றிய அச்சத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தாம் கண்டறிந்த தடுப்பு மருந்தை முதன்முதலாகச் செலுத்தச் செய்து அவனைக் காத்தார். நம் நாட்டில் கசௌலியில் 1900-லும், நீலகிரியில் குன்னூரில் 1907-லும் அவர் பெயரால் நிறுவனங்கள் எழுந்தன. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய முறைப்படி ஆட்டு மூளையிலிருந்து ஆக்கப்பட்ட மருந்தே நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கியது. வயிற்றில் நாள்தோறும் ஓர் ஊசியாகப் பதினான்கு ஊசிகள்! தாத்தாவும் பாட்டியும் இன்றும் சொல்லும் ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ இதுவே. அம்மருந்தின் உற்பத்தி 2004-ஆம் ஆண்டு இறுதியோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்பொழுது வழங்கும் மருந்து வேறு; முறையும் வேறு. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் மிகச் சிறிதளவாகக் கையில் இடுகின்றனர். கடிபட்ட நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்கள் என நான்கு முறை சென்றால் போதும். தசையில் போடும் முறையாயின் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து முறை. மறைந்துபோன மருந்தின் பயங்கரத்தைச் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்துவதை நாம் விட்டுவிட வேண்டும்.

ஆகவே, கடிபட்டால் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, காயத்தைச் சோப்பிட்டு, குழாய் நீரைத் திறந்துவிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவுதல். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்; பதினைந்து நிமிடம் என்பது நாம் எண்ணுவதைவிட நீண்ட நேரம். இந்நோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதனைச் சிதைக்கிறது. விலையற்ற இந்த மருந்து எல்லா வீட்டிலும் உள்ளது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் ஆகிய எதனையும் காயத்தில் அப்பலாகாது. பச்சிலை கட்டுபவரையும் மந்திரிப்பவரையும் தேடி நேரத்தை இழப்பது உயிரை இழப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, அன்றே மருத்துவரிடம் செல்லுதல். இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்தாலோ, முன்பே உள்ள புண்ணிலும் வாயிலும் கண்ணிலும் நாயின் உமிழ்நீர் பட்டாலோ, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பு மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். தடுப்பூசி தன் வேலையைத் தொடங்கச் சில நாள்கள் ஆகும். அந்த இடைவெளியைக் காப்பது இம்மருந்தே. காயத்துக்குத் தையல் போட வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

மூன்றாவது, குறித்த நாள்களில் தவறாமல் சென்று எல்லா ஊசிகளையும் முடித்தல். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவோர் பலர்.

‘அந்த நாய் நன்றாகத்தானே இருக்கிறது?’ என்று கேட்பார் உண்டு. நோயின் அடையாளங்கள் வெளிப்படுவதற்குச் சில நாள்கள் முன்பிருந்தே நாயின் உமிழ்நீரில் கிருமி இருக்கக்கூடும். மேலும் வெறிகொண்டு ஓடுவதும் கடிப்பதும் மட்டுமே அடையாளங்கள் அல்ல. சில நாய்கள் குரல் மாறி, தாடை தொங்கி, இருண்ட மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். கடித்த நாயைப் பத்து நாள் கவனித்து, அது நலமாயிருந்தால் எஞ்சிய ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் அதுவரை காத்திருந்து பின்னர் மருத்துவம் தொடங்குவது தவறு. நாய்க்குட்டிக்கும் பூனைக்கும் இவை யாவும் பொருந்தும்.

இனி, நாய்க்கு நாம் செய்ய வேண்டிய கடமை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் தடுப்பூசி. பின் மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசி. அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று. அரசு கால்நடை மருந்தகத்தை இதற்கு அணுகலாம். வாசல் நாய்க்குச் சோறு வைக்கும் நாலு வீட்டார் ஒன்று கூடினால், ஒரு ஞாயிறு மாலைப் பேச்சிலேயே இதனை முடிவு செய்துவிடலாம். நாயை அழைத்துச் செல்ல ஒருவர், நாளைக் குறித்து வைக்க ஒருவர், வேறென்ன வேண்டும்?

தெரு நாய்களைக் குறித்த வழக்கும் வாதமும் அண்மையில் நாடெங்கும் பேசப்பட்டன. தில்லிப் பகுதியின் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்குமாறு 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று அது திருத்தப்பட்டது: கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் இதற்கு விலக்கு, உணவிடுதல் அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டுமே. அவ்வாண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்த நாய்களை மீண்டும் அங்கே விடலாகாது என்றும் ஆணை பிறந்தது. வழக்கு மன்றத்தில் எதிரெதிர் நின்ற இரு சாராரும் நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு: ஒருவர் உணவிடுபவர், மற்றவர் அஞ்சுபவர். இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதால் ஒரு நாய்க்கும் ஊசி போடப்படுவதில்லை.

நாய்களைக் கொன்றொழிப்பதால் நோய் ஒழிவதில்லை. காலியான இடத்திற்கு வேறு நாய்கள், ஊசி போடாதவை, வந்து சேர்கின்றன. ஒரு பகுதி நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. கோவா மாநிலம் இதனைச் செய்து காட்டியது. ஆண்டுதோறும் பல்லாயிரம் நாய்களுக்கு ஊசி போட்டார்கள்; பள்ளிதோறும் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். 2021-இல் அம்மாநிலம் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியென அறிவிக்கப்பட்டது. கோவாவில் இயன்றது நம் ஊரில் இயலாதா?

பெற்றோரே! நாய்க்கு ஊசி போடுவது தெருவின் கடமை, மருந்து தருவது அரசின் கடமை. ஆனால் பிள்ளையின் வாயைத் திறக்கச் செய்வது உங்கள் ஒருவரால் மட்டுமே ஆகும். இன்றிரவு உணவுக்கு அமரும்போது பிள்ளைகளை அருகில் அழைத்துச் சொல்லுங்கள்: “நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும், எங்கே போயிருந்தாலும், என்ன செய்திருந்தாலும், உடனே வந்து சொல், அடிக்க மாட்டேன்.” சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். அவன் ஒரு நாள் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது உங்கள் முதற்சொல், “உன்னை யார் அங்கே போகச் சொன்னது?” என்பதாக இருத்தலாகாது. “எங்கே, காட்டு” என்பதாக இருக்கட்டும். பிறகு அவன் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.