டெல்லியில் பத்மஸ்ரீ! ஊரில் போலீஸ் பயம்! நீதிக்காக மல்லுக்கட்டும் இருளர் மக்கள்

அவலூர்பேட்டை–

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் பெரிய யோகம் அடித்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அதுவும் சேர்ந்துவிட்டது. மராட்டியர் கால ராணுவக் கோட்டைகள் 12 சேர்க்கப்பட்டன. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். சந்தோஷம்!

கல்லுக்கு மரியாதை கிடைத்துவிட்டது. அந்த வட்டாரத்து ஆதிகுடிகளுக்கு?

அவலூர்பேட்டை, மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம் பக்கமெல்லாம் ஏரிக்கரை ஓரத்திலும் ஊர்க்கோடியிலும் குடிசை போட்டு வாழ்கிறவர்கள் இருளர்கள். அறுப்பு முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டுவார்கள். எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். ஏரியில் மீன், காட்டில் விறகு, இல்லாவிட்டால் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தாச்சு. ஆனாலும் அதற்குப் பிறகும் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருந்து இருளர்கள் மீட்கப்பட்டார்கள். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் இவர்கள் தொகை 1 லட்சத்து 89 ஆயிரத்துக்கும் மேல்.

அமெரிக்காவுக்குப் போன பாம்பாட்டிகள்

இவர்கள் சாதியில் பிறந்த இரண்டு பேருக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. செங்கல்பட்டு மாவட்டத்து வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும்தான் அவர்கள். பள்ளிக்கூடத்துப் படிப்பு இல்லை. ஆனால் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு இவர்களை அழைத்துப் போனார்கள். அங்கே பெருகிக்கிடந்த பர்மா மலைப்பாம்புகளை அங்குள்ளவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்ம ஆட்கள் ஒரு மாதத்துக்குள் 27 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள்!

முன்பு பாம்புத் தோலுக்காகப் பிடித்தார்கள். 1972-ல் வந்த வன உயிரினச் சட்டத்தால் அந்தப் பிழைப்பு போனது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை இந்த நாலையும் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தில் இருந்துதான் பாம்புக்கடிக்கு ஊசி மருந்து தயாராகிறது. வயலில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற விவசாயி, யார் புண்ணியத்தில் பிழைத்தோம் என்று நினைத்துப் பார்ப்பதுண்டா?

அத்தியூர் பயங்கரம்

இனி கசப்பான சங்கதி.

1993 ஜூலை. இன்றைய விழுப்புரம் மாவட்டம் அத்தியூருக்குத் திருட்டு வழக்கு விசாரணை என்று புதுச்சேரி போலீசார் வந்தார்கள். அங்கே ஒரு இருளர் இளம்பெண் கற்பழிக்கப்பட்டார். அந்தப் பெண் பயந்து ஒதுங்கவில்லை. புகார் கொடுத்தார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 13 வருஷம் கழித்து, 2006-ல் விழுப்புரம் கோர்ட்டில் 6 போலீசாருக்கு ஆயுள் தண்டனை. ஊரே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் 2008-ல் ஐகோர்ட் அத்தனை பேரையும் விடுதலை செய்துவிட்டது!

இந்த வழக்குக்காக அலைந்தவர்களில் முக்கியமானவர், திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி. இவர் இருளர் அல்ல. ஆனாலும் 1996-ல் பழங்குடி இருளர் பாதுகாப்பு சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். எங்கே திருட்டு நடந்தாலும் "புடிடா இருளனை" என்று ஜீப் வந்து நின்ற காலத்தில், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய்க் கேள்வி கேட்க ஒரு சங்கம் வந்தது சின்ன விஷயமா?

2021-ல் வந்த 'ஜெய் பீம்' படம் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். (அதற்கு மூலமான 1993 கம்மாபுரம் லாக்கப் சாவில் இறந்த ராஜாக்கண்ணு உண்மையில் குறவர், படத்தில் இருளர் ஆக்கிவிட்டார்கள்.) நடிகர் சூர்யா இருளர் கல்விக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். அதே ஆண்டு தீபாவளியன்று பூஞ்சேரிக்குப் போய் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்கு முதல்-அமைச்சர் பட்டா கொடுத்தார்.

வாச்சாத்திக்கு வந்த நீதிபதி

எல்லா வழக்கும் அத்தியூர் மாதிரி முடிந்துவிடவில்லை. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992-ல் மலையாளிப் பழங்குடி மக்கள் மீது சந்தனமர ரெய்டு என்ற பெயரில் நடந்த கொடுமை நாடறிந்தது. 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று குற்றவாளிகள் 269 பேர். 2011-ல் கீழ்க்கோர்ட், உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டை விசாரித்த ஐகோர்ட் நீதிபதி வேல்முருகன், 2023-ல் தானே வாச்சாத்திக்குப் போய் இடத்தைப் பார்த்தார். பிறகு தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். ஆனால் இதற்கு ஆன காலம் 31 வருஷம்!

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் 2008-ல் பிரதமர்களே பார்லிமெண்டில் எழுந்து, பழங்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடம் இருந்து பிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார்கள்.

நம்ம ஊர் இருளர் கேட்பது அவ்வளவு பெரிசு இல்லை. ஒரு காகிதம்! மற்ற சாதிக்காரருக்குத் தாசில்தார் ஆபீசில் கிடைக்கிற சாதி சர்ட்டிபிகேட், பழங்குடி என்றால் ஆர்.டி.ஓ. கையெழுத்து போட்டால்தான் உண்டு. "அப்பாவோட சர்ட்டிபிகேட் எங்கே?" என்ற கேள்விதான் அங்கே வில்லங்கம். அப்பா பள்ளிக்கூடமே போகாதவர். அவரிடம் ஏது சர்ட்டிபிகேட்? அது இல்லாமல் பிள்ளைக்குப் பழங்குடி இட ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டும் கிடைக்காது, அரசாங்க வேலையும் கிடைக்காது. கூலியை விட்டுவிட்டு, பஸ்சுக்குக் காசு புரட்டி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இன்னொரு நடை போகணும்.