உடனொளிர் கொழுமியத் தளப்பொருட்களின் நொதித்தொகுப்பு

உடனொளிர் கொழுமியத் தளப்பொருள் என்பது ஒளிரும் வேதித்தொகுதி ஒன்று இணைக்கப்பட்ட கொழுமிய மூலக்கூறு ஆகும். நொதியொன்று இதனை வெட்டும்போது கிடைக்கும் ஒளிரும் துண்டை அளந்து, அந்நொதியின் செயற்திறன் கணிக்கப்படுகிறது. இம்மூலக்கூறுகளை ஆக்குவதற்கும் நொதிகள் பயன்படுகின்றன.

தேவை

நரம்புச் செல்களின் சவ்வில் உள்ள ஜி.எம்.1 கேங்கிலியோசைடு, ஐந்து சர்க்கரை அலகுகளாலான தலையையும் செரமைடு எனும் கொழுப்புப் பகுதியையும் கொண்டது. இதிலுள்ள ஈற்றுக் காலக்டோஸை வெட்டும் பீட்டா-காலக்டோசிடேஸ் குறைபட்டால், ஜி.எம்.1 மூளையில் தேங்கிக் குழந்தைகளின் உயிருக்கே கேடு விளைவிக்கும். ஸ்பிங்கோமைலினேஸ் குறைபாடு நீமன்-பிக் நோயின் ஏ, பி வகைகளை உண்டாக்குகிறது. நோயறிதலில் ஒளிர்பொருள் பிணைத்த எளிய சர்க்கரைகளும் பயன்படுகின்றன. ஆனால் அவற்றில் கொழுப்பு வால் இல்லாமையால், சவ்விலுள்ள உண்மையான கொழுமியத்தை நொதி எவ்வாறு கையாள்கிறது என்பதை அவை காட்டா.

ஆக்கும் முறை

ஐந்து சர்க்கரைகளையும் வேதிமுறையில் ஒவ்வொன்றாகக் கோப்பது கடினமான பணி. இதனைத் தவிர்க்கும் வழி சப்பானில் கிடைத்தது. 1995-இல் மக்கோட்டோ இத்தோ குழுவினர், சூடோமோனஸ் பாக்டீரியா ஒன்றிலிருந்து ஸ்பிங்கோலிப்பிட் செரமைடு என்-டிஅசைலேஸ் எனும் நொதியை அறிவித்தனர். இது தலைப்பகுதிக்கு ஊறின்றிக் கொழுப்பு அமிலத்தை மட்டும் நீராற்பகுத்து நீக்குகிறது. நீராற்பகுப்பு மீள்வினை என்பதால், நிலைமைகளை மாற்றினால் அதே நொதி வேறொரு கொழுப்பு அமிலத்தை அவ்விடத்தில் பொருத்தும். அமிலச் சூழலும் மிகுதியான டிரைட்டன் எக்சு-100-உம் வெட்டுதலுக்கு உகந்தவை. நடுநிலைச் சூழலும் குறைந்த டிரைட்டனும் இணைத்தலுக்கு உகந்தவை. என்.பி.டி எனும் ஒளிர்தொகுதி கொண்ட கொழுப்பு அமிலத்தை இவ்வாறு இணைத்து, ஒளிரும் ஜி.எம்.1, ஸ்பிங்கோமைலின் ஆகியவை ஆக்கப்பட்டு 1999-இல் அறிவிக்கப்பட்டன. 2002-இல் இவ்வகை நொதியின் மரபணு, சிவனெல்லா எனும் கடல் பாக்டீரியாவிலிருந்தும் பெறப்பட்டது.

பாஸ்போலிப்பிட்டுகளில் தலைப்பகுதியை மாற்றப் பாஸ்போலைப்பேஸ் டி பயன்படுகிறது.

உப்பளமும் நொதியும்

லைப்பேஸ்களைக் கொண்டு கொழுப்பு அமிலத்தை இணைக்கும்போது, நீர் குறைந்த கரிமக் கரைப்பான்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. அவற்றில் பல நொதிகள் செயலிழக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற கடற்கரை உப்பளங்களில், உப்புப் படியும் நிலையில் பாத்திநீரின் நீர்ச்செயலளவு தூய நீரினதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. இத்தகைய நீரில் வாழும் உப்புநாட்ட நுண்ணுயிர்களின் நொதிகள், மேற்பரப்பில் மிகுந்துள்ள அமிலத்தன்மை அமினோ அமிலங்களால் நீரைப் பற்றிக்கொள்கின்றன. கரைப்பானைத் தாங்கும் நொதிகளை உப்பளங்களில் தேடுவதற்கு இதுவே காரணம்.

அளவீடும் வரம்பும்

என்.பி.டி நீல ஒளியை உறிஞ்சிப் பச்சையாக ஒளிர்கிறது. வினைக்குப்பின் கலவையை மென்படல வண்ணப்பிரிகைக்கு உட்படுத்தினால், சிதையாத ஜி.எம்.1-உம் சர்க்கரை இழந்த விளைபொருளும் தனித்தனிப் பச்சைப் பொட்டுகளாகப் பிரியும். கதிரியக்கப் பொருள் தேவையில்லை என்பது சிறு ஆய்வகங்களுக்குப் பெரும் வசதி.

எனினும், என்.பி.டி ஒளிர்வதோடு நிற்பதில்லை. பின்னாளில் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தில் பணியாற்றிய அமிதாப சட்டோபாத்யாய், எர்வின் இலண்டனுடன் 1980-களில் செய்த ஆய்வுகள், கொழுப்பு வாலிலுள்ள என்.பி.டி தன் முனைவுத்தன்மையால் சவ்வின் மேற்பரப்பை நோக்கி மடங்குவதைக் காட்டின. ஆகவே வால் முழுவதும் இயற்கையான நிலையில் இராது. வாலைத் தொடும் செரமைடேஸ் போன்ற நொதிகளின் வேகத்தை இதைக்கொண்டு அளக்கும்போது, இயற்கைக் கொழுமியத்துடனும் ஒப்பிட வேண்டும்.