வாழைக்குலைப் பொறியும் பனிமலை நாற்காலியும்

பனிச்சறுக்கு, சரிவில் இறங்கும் விளையாட்டு. ஆயினும் இறங்குமுன் ஏறியாக வேண்டும். முற்காலத்தில் கால்நடையாகவோ ஓடும் கயிற்றைப் பற்றியோ ஏறினர். புதிதாகப் பழகுபவன் உச்சியை அடையுமுன்பே களைத்துவிடுவான்.

1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்துச் சன் வலியில் இதற்கு வழி பிறந்தது. அவ்வுல்லாசத்தலத்தை அமைத்த யூனியன் பசிபிக் புகையிரதக் கம்பனியின் பொறியியலாளர் ஜேம்ஸ் கறன், முன்னர் கப்பல்களில் வாழைக்குலை ஏற்றும் பொறிகளோடு பழகியவர். குலை தொங்கும் கொளுக்கியில் நாற்காலியைத் தொங்கவிடலாமே என எண்ணினார். நில்லாது ஓடும் நாற்காலி, நிற்கும் மனிதனை இடித்து வீழ்த்தாதா? கோடையில் பனிக்கு எங்கே போவது? சில்லுச் சப்பாத்து அணிந்தோரை, லொறியின் பக்கத்தில் பிணைத்த நாற்காலியால் ஏந்திப் பார்த்தே தக்க வேகத்தைக் கண்டனர். அவ்வாண்டு டிசம்பரில், புதியோர் பழகும் டொலர் குன்றிலும் புரொக்டர் மலையிலும் நாற்காலிகள் ஓடின.

சன் வலியில் உழைத்த ஒன்று, 1948ஆம் ஆண்டளவில் மிச்சிக்கன் மாநிலத்துப் பொய்ன் மலைக்கு விலைபோயிற்று. ஒருவர் அமர்ந்த நாற்காலி அங்கே பின்னர் இருவர் நாற்காலியாயிற்று.

பழைய பொறியை வாங்குவதில் இழுக்கில்லை. கோபுரங்களும் கப்பிகளும் கழற்றி நாட்டத்தக்கவை. குறுஞ்சரிவுக்கு அதன் ஒரு பகுதியே போதும். கவலைக்குரியது உருக்கு வடமும், நாற்காலியை அதனோடு பிணைக்கும் பிடியுமே. வடத்தின் உள்ளிழை முறிந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் காந்தக் கருவியினூடாக வடத்தை ஓடவிட்டுச் சோதிப்பர். பிடிகளைக் கழற்றி வெடிப்புத் தேடுவர். பழகவரும் சிறுவன் அதன்பின்பே அதில் அமர்வான்.